பத்து மணிச் சங்கு

3ஆம் தேதி, திங்கட்கிழமை

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று வழக்கம்போல் ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீயும் உன் மனைவியும் பெண் குழந்தைகள் இரண்டும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அந்த எண்ணம் மட்டும் எனக்கு மாறவில்லை. மற்றபடி உன்மேல் வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "அக்கா" என்று ஒரு இழுப்பு இழுப்பாய், நான் இளகிவிடுவேன். ஆறு வயதிலிருந்து அப்படித்தான் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய். காகிதத்தில் உன் குரல் கேட்காது. சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிடலாம்.

நேற்று என் வீட்டுக்காரரின் சட்டையை ஊற வைக்கும் முன் பையைத் துழாவினேன். நாலாக மடித்த உன் கடிதம் இருந்தது. "மாமா, படித்ததும் கிழித்துவிடுங்கள்" என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய். அவருக்குக் கிழிக்க மனம் வரவில்லை. நீ அவருக்கென்று தனியாக எழுதிய முதல் கடிதம் அது. அதைப் போய் அந்த மனிதர் பத்திரமாக வைத்திருக்கிறார்.

மூன்று தடவை படித்தேன். மாமாவுக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்தான் இருக்கிறதாம். உனக்கு இருபத்திரண்டு வருடம் இருக்கிறதாம். அதனால் விசாரணையில் அவர் இப்படிச் சொல்ல வேண்டுமாம்: ஒன்பது நாற்பதுக்கே நீ போனில் தகவல் கொடுத்துவிட்டாய், அவர் மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டார், மூன்று சங்கு ஊதவே இல்லை, ஆற்றைப் பார்க்காமலேயே "ஆறு காலி" என்று உனக்குப் போனில் சொல்லிவிட்டார். கட்டாய ஓய்வோடு விட்டுவிடுவார்கள், ஜெயில் வரைக்கும் போகாது என்று விசாரித்து வைத்திருக்கிறாயாம். யாரிடம் விசாரித்தாய்? சட்டை மடிப்புக் கலையாமல் நடப்பாரே உங்கள் பெரிய எஞ்சினியர், இஸ்திரிப்பெட்டி என்று நாம் எல்லோரும் சொல்வோமே, அவரிடமா?

கடைசி வரியை எப்படி எழுதினாய்? "பத்து மணிச் சங்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும், மாமா." வாய் கூசாமல் என்பார்கள். உனக்குக் கை கூடக் கூசவில்லை.

உனக்குத் தெரியாத எதையும் நான் எழுதப்போவதில்லை. ஆனால் மறந்தவன்போல் நடிக்கிறாய், ஆகவே ஞாபகப்படுத்துகிறேன். இந்த அணை கட்டும்போது பாறைக்கு வெடி வைப்பார்கள். வெடிக்கு முன் மின்சாரத்தில் ஊதும் அபாயச் சங்கை ஊதுவது உன் மாமாவின் வேலை. ஒன்பது வருடம் ஊதினார். அவர் சங்கு ஊதி ஒரு ஆள்மேல் ஒரு கல் விழுந்ததில்லை. நீ அரைக்கால் சட்டையோடு அவர் பின்னாலேயே ஓடி, காதைப் பொத்திக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவாய். அணை முடிந்ததும் அதே சங்கைக் கீழே ஆற்றங்கரை மேட்டில் நட்டு, அவரையும் அதற்குக் கீழே உட்கார வைத்துவிட்டார்கள். இடது காது அதனால்தான் போனது. போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பார்.

கரண்ட் எடுக்கிற மெஷின் ஓடாதபோது அணைக்குக் கீழே ஆறு வெறும் பாறை. இரண்டு மெஷினும் ஓட ஆரம்பித்தால் துவைக்கும் கல் இருக்கும் இடத்தில் எட்டே நிமிடத்தில் ஆள் உயரத் தண்ணீர். அதனால்தான் அந்த விதி. நீ வேலை பார்த்த கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வர வேண்டும். இவர் மூன்று சங்கு ஊத வேண்டும். இருபது நிமிடம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒருவரும் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகு "ஆறு காலி" என்று இவர் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வார்த்தை வராமல் மெஷின் ஓடக் கூடாது. இருபது வருடத்துக்கு மேல் அந்த இரண்டு வார்த்தையைப் பார்க்காமல் அவர் சொன்னதில்லை. ஒரு தடவை காய்ச்சல் நூற்றிரண்டு. அப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அவரைப் போய் "பார்க்காமல் சொன்னேன்" என்று கையெழுத்துப் போடச் சொல்கிறாய்.

தினமும் காலை பத்துக்கு ஒரே ஒரு சங்கு. சோதனைச் சங்கு. ஊரே அதை வைத்துத்தான் கடிகாரத்தைத் திருத்துகிறது. பத்துச் சங்கு ஊதிவிட்டால் சாயங்காலம் வரை தண்ணீர் வராது என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதற்குப் பிறகுதான் எல்லோரும் ஆற்றில் இறங்குவார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? மேலிடத்திலிருந்து கரண்ட் வேண்டும் என்று கத்தினால், இருபது நிமிடம் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், அந்தப் பத்துச் சங்கையே எச்சரிக்கையாக எழுதிக்கொண்டு மெஷினை ஓட்டிவிட்டீர்கள். எந்தச் சங்கைக் கேட்டு ஜனம் ஆற்றில் இறங்குகிறதோ, அதையே ஊதிவிட்டுத் தண்ணீரை விட்டிருக்கிறீர்கள். படித்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற அறையில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லையா?

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கிற சலவைக்காரர், நீ அப்படி மெஷினை ஓட்டிய அன்றைக்கு, பத்துச் சங்கு கேட்டுத்தான் இறங்கினார். உடலை மூன்றாம் நாள் பாலத்தடியில் எடுத்தார்கள். நீ அப்போது ரயிலில் போய்க்கொண்டிருந்தாய், பயிற்சி என்று சொல்லி.

போன வாரம் அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். ஈர விரிப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு முனையைக் கொடியில் கட்டிவிட்டு மறு முனையைத் தனியாக முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கொடியிலிருந்து அவிழ்த்து என் கையில் பிடித்துக்கொண்டேன். இருவருமாக முறுக்கினோம். பிறகு, "சங்குக்காரர் தூங்கிட்டார்னு சொல்றாங்களே அக்கா, தூங்கினவர் எப்படிச் சரியா பத்து மணிக்கு ஊதினார்?" என்று கேட்டாள். திட்டவில்லை, அழவில்லை. விரிப்பை நழுவ விட்டுவிட்டேன், அவள் அதைத் திரும்ப அலசினாள்.

விசாரணை இருபத்தோராம் தேதி பதினோரு மணிக்கு, ஆய்வு மாளிகையில். அதற்கு முன் நீ வர வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அவருக்கு இந்தக் கடிதம் தெரியாது. பதிலை என் பெயருக்குப் போடு.

அக்கா.


11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் உன் கஷ்டம். பயிற்சி விடுதியில் தண்ணீர் சரியில்லை, பெரியவளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, உனக்குத் தூக்கம் வருவதில்லை. தூக்கம் வராதது நல்லதுதான். உனக்கும் சேர்த்துத் தூங்கியதாக உன் மாமா எழுதிக் கொடுக்கப் போகிறாரே.

"மேலிடத்தில் கத்தினார்கள், நான் என்ன செய்வேன்" என்று கேட்டிருக்கிறாய். கத்தட்டுமே. போனில் கத்துகிறவன் கை நீண்டு வந்து உன் கழுத்தையா பிடிக்கும்? "இன்னும் ஆறு காலி வரவில்லை சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருக்க உனக்குத் துணிச்சல் இல்லை. மாமா தலையில் பழியைக் கட்ட மட்டும் துணிச்சல் இருக்கிறது.

இதற்கு முன் நாலு தடவை இப்படி ஓட்டியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்றும் எழுதியிருக்கிறாய். அந்த நாலு தடவையும் ஆற்றில் ஆள் இல்லாமல் போனது உங்கள் சாமர்த்தியம் இல்லை. அந்த நேரத்தில் யாரும் இறங்காததால் தப்பித்தீர்கள்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் கையைக் கழுவிக்கொள்ளப் போவதில்லை. முதல் தடவை நீ அப்படிச் செய்த அன்று உன் மாமா சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். "உன் தம்பி பத்துச் சங்கையே போதும்கிறான். எனக்கு மனசு ஒப்பல" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் படிச்சவன். அவனுக்குத் தெரியாதா? நீங்க எதுக்கு அவன்கிட்ட முட்டிக்கிறீங்க?" என்றேன். சாப்பாட்டை இன்னும் கொஞ்சம் பரிமாறினேன். அவர் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் அவர் பேசவே இல்லை. என் தம்பி அதிகாரி என்கிற பெருமை என்னை அப்படிப் பேச வைத்தது. சலவைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாப்பாட்டுத் தட்டு எனக்கு ஞாபகம் வருகிறது.

அவர் மேலும் எனக்குக் கோபம்தான். அன்றைக்கு நீ ஒன்பது ஐம்பத்தெட்டுக்குப் போன் செய்தபோது, "மூணு ஊதிடட்டுமா?" என்று கேட்டாராம். மூன்று ஊதினால் இருபது நிமிடம் காத்திருந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும், வேண்டாம் என்றாயாம். இவரும் சரி என்று ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார். ஊதித் தொலைத்திருக்கலாம். வேலை போனால் போகட்டும் என்று மூன்றையும் ஊதியிருந்தால் இன்று அந்த ஆள் விரிப்பு முறுக்கிக்கொண்டிருப்பார். இதை அவரிடம் நேற்று கேட்டுவிட்டேன். உன் கடிதம் என்னிடம் இருப்பதையும் சொல்லிவிட்டேன்.

கொடுத்துவிடு என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் கையைப் பிடித்து இழுத்தார், உடனே விட்டுவிட்டார். "நமக்குன்னு அவன் ஒருத்தன்தானே இருக்கான். அவன் உள்ள போனா அந்தப் பிள்ளைங்க என்ன ஆகும்? எனக்கென்ன, கிழவன்" என்றார். நம் வீட்டில் தொட்டில் கட்டவில்லை, உன்னைத்தான் வளர்த்தோம். அதைச் சொல்லிக் காட்டாத மனிதர் அவர். நான் சொல்லிக் காட்டுகிறேன். நன்றாகச் சொல்லிக் காட்டுகிறேன்.

இருபத்தோராம் தேதி, தூங்கினேன் என்று கையெழுத்துப் போடுவதில் உறுதியாக இருக்கிறார். வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். நான் எடுத்து வைக்கவில்லை.

அக்கா.


17ஆம் தேதி, திங்கட்கிழமை

தம்பிக்கு,

நீ லீவு கேட்டிருப்பதாகவும் கிடைக்குமா தெரியவில்லை என்றும் எழுதிய அட்டை வந்தது. கிடைக்குமா தெரியவில்லை என்கிறவனுக்கு லீவு கிடைப்பதில்லை. அது இருக்கட்டும். நேற்றுக் காலை இங்கே நடந்ததைக் கேள்.

விசாரணை முடியும் வரை உன் மாமாவை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அவர் இடத்தில் ஒப்பந்தத்துக்கு ஒரு புது ஆளைப் போட்டிருக்கிறார்கள். நல்ல மாதிரிதான், வந்து இரண்டு வாரம் ஆகிறது. நேற்று பத்து மணிக்கு ஒரு சங்கு ஊதினான். இவர் முற்றத்தில் கண்ணாடியை மாட்டி முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். இரண்டு மெஷினும் ஓடினால் நம் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் லேசாகக் கிணுகிணுக்கும், உனக்குத் தெரியும். சங்கு நின்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டம்ளர்கள் கிணுகிணுத்தன.

இவருக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்திருக்காது. கண்ணாடி ஆணியில் ஆடியதைப் பார்த்திருக்கிறார். கத்தியைக் கீழே போட்டுவிட்டு, பனியனோடு, முகத்தில் நுரையோடு ஓடினார். ஐம்பத்தெட்டு வயது ஆள் அந்தச் சரிவில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நானும் பின்னால் ஓடினேன்.

துவைக்கிற கல்லில் சலவைக்காரர் மனைவியும் அவள் தங்கையும். இப்போது தங்கைதான் மறு முனையைப் பிடிக்கிறாள். பத்துச் சங்கு கேட்டு இறங்கியிருக்கிறார்கள். இவர் மேட்டிலிருந்தே கத்துகிறார், குரல் வரவில்லை. கையைக் கையை ஆட்டுகிறார். தங்கைதான் முதலில் பார்த்திருக்கிறாள். விரிப்புகளை அள்ளப் போனவளை அக்காக்காரி தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். அவள் கடைசிப் படியில் கால் வைத்தபோது கல்லுக்கு மேலே தண்ணீர் வந்துவிட்டது. பதினாறு விரிப்புகள் போயின. ஆள் போகவில்லை.

சலவைக்காரர் மனைவி இவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க வீட்டுலதானே இருக்கீங்க. இன்னிக்கு யாரு தூங்கினாங்க?" என்று கேட்டாள். இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி, உனக்குப் புரிகிறதா? நீ உன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்தாய். சங்குக்காரன் தூங்கினான் என்று நீங்கள் எல்லோரும் எழுதி வைத்ததால் அந்த அறையில் யாரும் எதையும் மாற்றவில்லை. தப்பு தூக்கத்தில்தானே, தூங்காத ஆளைப் போட்டாயிற்று, போதும் என்று இருந்துவிட்டார்கள். உன் நாற்காலியில் இன்று வேறொருவன் உட்கார்ந்து நீ செய்ததையே செய்கிறான். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

வீட்டுக்கு வந்து வெகு நேரம் முகத்தைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். நுரை காய்ந்து கன்னத்தில் பொருக்கு கட்டிவிட்டது. நான்தான் ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். அப்போது சொன்னார்: "நான் தூங்கினேன்னு எழுதிக் கொடுத்தா இது நிக்காது. எழுதிக் கொடுக்க மாட்டேன்." எனக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்ததாக என்ன சொன்னார் தெரியுமா? "பத்துச் சங்கைக் கணக்குல எடுத்தது தப்புன்னு சொல்லுவேன். நானும் அதுக்கு ஒத்துக்கிட்டேன்னு சொல்லுவேன். போன் பண்ணது யாருன்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டேன்."

இதன் அர்த்தம் அவருக்குப் புரியவில்லை, உனக்குப் புரியும். கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டில் ஒன்பது நாற்பதுக்கே தகவல் சொன்னதாக உன் கையெழுத்தில் இருக்கிறது. அதற்கு எதிராக ஒரு சங்குக்காரர், யார் போன் செய்தார்கள் என்றுகூடச் சொல்லாமல், சோதனைச் சங்கைத்தான் எச்சரிக்கையாக எடுத்தார்கள் என்றால் இஸ்திரிப்பெட்டி சிரிப்பார். வேலையில் தூங்கியதோடு பொய்யும் சொல்கிறான் என்று எழுதிப் போலீசுக்கு அனுப்புவார்கள். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்த மனிதர் ஜெயிலுக்குப் போவார். தூங்கினேன் என்று பொய் சொல்லியிருந்தாலாவது வீட்டுக்கு வந்திருப்பார். உன் கணக்குப்படியே சொல்கிறேன்.

அவரால் உன் பெயரைச் சொல்ல முடியாது. அவரை நான் மாற்றப் போவதில்லை, அது அவர் வளர்த்த பாசம். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

வேலை போகலாம். வழக்குக்கூட வரலாம். உன் பிள்ளைகள் எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள், இங்கேயே பள்ளிக்கூடம் போவார்கள், நீயும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாய். உன் மனைவிக்கு நான் தனியாக எழுதுகிறேன், அவளிடம் நீ முதலில் சொல்லிவிடு. நீ உள்ளே போனாலும் வாரா வாரம் உன்னைப் பார்க்க நாங்கள் இருவரும் வருவோம். மாமா உன்னோடு பேசுவார். நான் பேச எவ்வளவு நாளாகும் என்று தெரியாது, ஆனால் வருவேன்.

இருபதாம் தேதி சாயங்கால ரயிலைப் பிடித்தால் காலை எட்டரைக்கு வந்துவிடலாம். நேரே வீட்டுக்கு வா. குளித்துவிட்டு, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, மாமாவோடு சேர்ந்து போ. அவர் இடது பக்கம் நடக்காதே, நீ சொல்வது அவருக்குக் கேட்காது.

நான் ஆய்வு மாளிகை வாசலில் பத்தே முக்காலிலிருந்து நிற்பேன். உன் கடிதம் என் கையில் இருக்கும். பதினோரு மணிக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டேன். உன்னை இந்தக் கையால்தான் சோறு ஊட்டி வளர்த்தேன். இதே கையால் அதை நான் உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கும்படி வைத்துவிடாதே, தம்பி. வந்துவிடு.

அக்கா.